உடும்பும் துணிச் சீட்டுகளும்

என் பெரியம்மா மகனுக்கு நான்கு பெண்கள். மூத்தவள் தையல்காரி, இரண்டாமவள் கடல் கடந்து போனவள், கடைக்குட்டி வாயாடி. மூன்றாமவளைத்தான் நாங்கள் உடும்பு என்போம். பிடித்தால் விடமாட்டாள். ஏழு வயதில் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் போட்டு, மூன்று நாள் பள்ளிக்கூடம் போகாமல் மறுபடி பூட்டினாள். கடிகாரம் அதற்குப் பிறகு ஓடவில்லை. ஆனால் ஒரு திருகாணிகூட மிச்சமாகவில்லை.

நாற்பத்து மூன்று வயதில் அவளுக்கு ஒரு சோதனை வந்தது. ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் பெரிய சலவைக்கூடம் ஒன்றில் அவளுக்குப் பதினோரு வருட உத்தியோகம். எந்த வார்டில் எத்தனை விரிப்பு, எத்தனை தலையணை உறை, எத்தனை கிழிசல் என்று நர்சுகள் போனில் சீட்டு அனுப்புவார்கள். அதைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அந்தச் சீட்டைக் கம்ப்யூட்டரே படித்துக்கொள்ள ஒரு ப்ரோகிராம் எழுத ஆரம்பித்த இன்ஜினியர், பாதியில் வேறு வேலைக்குப் போய்விட்டார். மேனேஜர் இவளைக் கூப்பிட்டார்.

“உனக்குத்தாம்மா இந்தச் சீட்டெல்லாம் மனப்பாடம். மிச்சத்தை நீயே எழுது. ரெண்டு மாசம் தர்றேன். முடிச்சா இந்த நாற்காலி உனக்கு. இல்லன்னா வெளி கம்பெனிகிட்ட குடுத்துருவேன். நீ இஸ்திரிக் கூடத்துக்குப் போயிரு.”

இஸ்திரிக் கூடம் என்றால் நாள் முழுக்க நின்றபடி நீராவியில் வேக வேண்டும். இவளுக்கோ இரண்டு முழங்காலும் தேய்ந்து போனவை. தாய்வழிச் சொத்து அது. இவள் தாய்மாமன் ஐம்பது வயதிலேயே படிக்கட்டை உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குவார். ஆகவே சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

வந்த பிறகுதான் தெரிந்தது. எழுத்தைப் படித்து, இது பொருள், இது எண்ணிக்கை என்று பிரித்துக் கொடுக்கிற ப்ரோகிராமுக்குப் பார்சர் என்று பெயராம். இன்ஜினியர் அதை ‘ஃபங்ஷனல்’ என்கிற வகைக் கம்ப்யூட்டர் மொழி ஒன்றில் எழுதியிருந்தார். அந்த மொழியில் ஒரு பெயருக்கு ஒரு மதிப்பு கொடுத்தால் கொடுத்ததுதான், மாற்ற முடியாது.

“சொன்ன சொல்லு மாறாதா?” என்றார் வண்டி ஓட்டுகிற அவள் புருஷன். “அப்ப உங்க வீட்டுப் பக்கத்துல பொறந்த மொழி இல்ல.”

சின்னச் சின்னத் துண்டுகளாக எழுதிக் கோக்க வேண்டும். எண்ணை மட்டும் படிக்க ஒன்று, பெயரை மட்டும் படிக்க ஒன்று, இடைவெளியைத் தின்று தீர்க்க ஒன்று. ஒவ்வொன்றும் தன் வேலையை முடித்துவிட்டு மிச்ச எழுத்தை அடுத்ததன் கையில் கொடுக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு மாதம் அவளுக்குத் திரையில் ‘தப்பு’ என்று சிவப்பு எழுத்தில் வசவுதான் கிடைத்தது. புத்தகத்தைப் பார்த்து அப்படியே எழுதினாலும் வசவு. சோறு போட்டால் தட்டைத் தள்ளுவாள். “என்னன்னு சொல்லித் திட்டவாவது மாட்டேங்குதே!” என்பாள்.

ஒருவழியாக ப்ரோகிராம் சீட்டுகளைப் படிக்க ஆரம்பித்தது. அப்போது சில நர்சுகள் நடுவில் காலி வரி விடுவதைப் பார்த்து, ‘இடைவெளியோ காலி வரியோ, எத்தனை வந்தாலும் திரும்பத் திரும்பத் தின்னு’ என்று சேர்த்தாள். அன்றைக்கு இன்னும் பத்து இடத்தில் கை வைத்திருந்தாள். அதோடு எல்லாம் நின்றது. வசவும் இல்லை, விடையும் இல்லை. கல்லுப் பிள்ளையாராக உட்கார்ந்திருந்தது. எந்த இடம் கெடுத்தது என்று தேடியே நாலு நாள் போயிற்று. கெடுவுக்கு ஆறு நாள்தான் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு சீட்டை எழுத்தெழுத்தாக வெட்டி மேஜையில் பரப்பிப் புருஷனை உட்கார வைத்தாள்.

“நீங்கதான் இடைவெளி தின்ற ஆளு. முன்னாடி வெறும் காகிதம் இருந்தா எடுத்துக்கோங்க. இல்லன்னாலும் பரவால்ல, ‘ஆச்சு’ன்னு சொல்லணும்.”

“ஒண்ணும் திங்காமலே ஆச்சா? நல்ல பத்தியம்தான்.”

“பேசாதீங்க. நீங்க ஆச்சுன்னா நான் மறுபடி கூப்பிடுவேன். ‘இல்ல’ன்னா அடுத்த ஆளுகிட்ட போவேன். ம்.”

அவர் இரண்டு வெறும் காகிதங்களை எடுத்துக்கொண்டார். “ஆச்சு.”

“ம்.”

எதிரே இருந்தது ‘உ’. “ஆச்சு.”

“ம்.”

“ஆச்சு.”

“ம்.”

“ஆச்சு. ஏம்மா, நான் எப்பத்தான் இல்லன்னு சொல்றது?”

“நீங்க சொல்லவே மாட்டீங்க,” என்றாள். “இல்லன்னு சொல்லவே மாட்டீங்க, நானும் கூப்பிட்டுக்கிட்டே இருப்பேன்! நாலு நாளா என் உசுர எடுத்துட்டு!” என்று காகிதத்தை அள்ளி அவர் மேலேயே எறிந்தாள்.

“நான் என்ன பண்ணேன்?” என்றார் அந்த அப்பாவி.

ஒன்றாவது தின்றால்தான் ‘ஆச்சு’ என்று மாற்ற வேண்டியிருந்தது. ஒரே ஒரு சொல்தான். சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் அவளுக்கு எரிச்சல்தான் வந்தது.

கெடு நாளில் மேனேஜர் அந்த வாரத்துச் சீட்டு நானூறையும் ஓட்டச் சொன்னார். முப்பத்தொன்றை ப்ரோகிராம் ஏற்கவில்லை.

“இது என்ன?”

“நீங்களே பாருங்க சார். ‘விரிப்பு 40 உறை கிழிசல் 2’. உறை எத்தனைன்னே எழுதல.”

“இத்தனை நாள் எப்படி ஏத்தின?”

“போன் பண்ணிக் கேட்டேன்.”

“நேத்து என்ன வந்துச்சோ அதையே போட்டுக்கச் சொல்லு. வேலை முடிஞ்சுது.”

ஐந்து நிமிட வேலைதான் அது. நாற்காலி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவள் முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

“மாட்டேன் சார். தப்பாப் போட்டா ஒரு வார்டுல உறையில்லாம படுத்துக் கிடப்பாங்க. அப்ப திட்டு உங்களுக்குத்தான் வரும்.”

மேனேஜர் திரையைக் காட்டினார். “அப்ப வாராவாரம் இந்த முப்பத்தொண்ணை யாரு கேக்கிறது? வெளிக் கம்பெனிக்காரன் கேப்பானா? நீயே இருந்து தொலை.”

நாற்காலி தங்கியது. ஆனால் மேலிடத்துக்கு ‘ப்ரோகிராம் இன்னும் முழுமையாகவில்லை’ என்று எழுதி அனுப்பிவிட்டார். அதைக் கேட்டுப் பெரியம்மா வீட்டு வம்சமே சேர்ந்து சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

“முழுசா முடிச்சதைப் போயி!” என்று இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

மூன்றாம் நாள் காலை வேலைக்குப் போய் உட்கார்ந்ததும் போனை எடுத்தாள். “ஆறாம் வார்டா? உறை எத்தனைன்னு எழுதினா விரல் தேஞ்சா போயிரும்?” என்று அவள் போட்ட சத்தம் இஸ்திரிக் கூடம் வரைக்கும் கேட்டதாம்.