வீட்டில் படித்தவள் வகுப்புக்குப் போனாள்

பொன்னமராவதியில் எங்கள் வீட்டுக்கு வருகிற எல்லோருமே கல்வி அதிகாரிகள்தான். செருப்பைக் கழற்றும்போதே, "புள்ள எந்த ஸ்கூலு?" என்று ஆரம்பிப்பார்கள். "வீட்லதான் படிக்கிறா" என்றால் முகம் மாறும். காப்பி வருவதற்குள் பதினாறாம் வாய்ப்பாட்டைக் கேட்பார்கள். மகள் ஒப்பித்துவிடுவாள். சொன்னது சரியா என்று கேட்டவருக்குத் தெரியாது, அது வேறு விஷயம்.

மூன்றாம் வகுப்போடு அவளை நிறுத்தினோம். பள்ளியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டில் வாய் ஓயாத பெண், பள்ளி வாசலைத் தாண்டினால் ஒரு வார்த்தை பேசமாட்டாள். பேர் கூப்பிட்டாலும் பதில் வராது. ஒருநாள் நல்ல காய்ச்சலோடு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள், யாரிடமும் சொல்லவில்லை. அதற்கு மேல் அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

அரசுப் பாடப்புத்தகங்கள் போனிலேயே இலவசமாகக் கிடைத்தன. கணக்குக்கு நான், அறிவியலுக்கு வீடியோ. ஆங்கிலத்தில் இருவரும் சேர்ந்தே தடுமாறினோம். ஒரு பாடத்தில் மட்டும் நான் ரொம்பக் கண்டிப்பு. வீட்டுக்கு யார் வந்தாலும் எழுந்து "வாங்க" சொல்ல வேண்டும், உட்காரச் சொல்ல வேண்டும், தண்ணீர் வேண்டுமா என்று கேட்க வேண்டும். எங்கள் பக்கம் வாய்ப்பாடு தெரியாத பிள்ளையை மன்னித்துவிடுவார்கள். "வாங்க" சொல்லாத பிள்ளையைப் பற்றி அதன் கல்யாணப் பந்தியில்கூடப் பேசுவார்கள்.

எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதித் தேறினாள். பத்தாம் வகுப்பில்தான் வந்தது வினை. அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு ஒரு பள்ளிக்குப் போயே ஆக வேண்டுமாம். போகாவிட்டால் பரீட்சை கிடையாது. திருமயம் பக்கம் ஒரு பள்ளியில் இடம் கிடைத்தது. மறுபடியும் வாய் பூட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று பஸ்ஸில் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். அவளுக்குத் தைரியம் சொல்லவில்லை. என்னிடம் இருந்தால்தானே சொல்ல.

அவளை உள்ளே அனுப்பிவிட்டு, வகுப்பு ஜன்னலுக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே முன்பு பெயிலான பையன்களும், கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும் இருந்தார்கள். அறிவியல் மிஸ் வேர்க்க விறுவிறுக்க நுழைந்தார். எல்லோரும் எழுந்து குட்மார்னிங்கை இழுத்து முடித்தார்கள். அப்புறம் ஒரே ஒரு குரல் கேட்டது.

"வாங்க மிஸ். உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

என் மகள் தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டு நின்றாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. கைக்குழந்தை வீறிட்டது. எனக்கு ஆத்திரம் பொங்கியது. எந்தப் பரீட்சையும் வேண்டாம், கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவோம் என்று வாசலில் போய் நின்றேன்.

மிஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க யாரு? என்ன வேணும்?"

இந்தத் தடவை வாய் பூட்டிக்கொண்டது எனக்குத்தான். உள்ளேயிருந்து மகள்தான் பதில் சொன்னாள், நன்றாகச் சத்தமாக.

"எங்கம்மா மிஸ். இப்பக் கெளம்பிருவாங்க."

கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டு வரை அழுதுகொண்டே நடந்தேன். அவ்வளவு சந்தோஷம்.