பிராசியின் தண்ணீர்க் கிண்ணம்

தச்சர் பிராசி தன் முன்னால் சூப்பு வைக்க விடமாட்டார். ரொட்டி, ஆலிவ், வெங்காயம், உப்பு மீன், எது வேண்டுமானாலும் வையுங்கள். கிண்ணத்தில் தளும்புகிற எதுவும் ஆகாது. தப்பவே முடியாத விருந்துகளில் கிண்ணத்தைக் கையில் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் விழுங்கிவிட்டுக் கவிழ்த்து வைப்பார். மொந்தசானு ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆளில்லை. சிரித்தவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. காரணத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை, பெண்டாட்டியிடம்கூட.

அப்போது அவருக்கு ஆறு வயது. ஜனவரி மாதம். வெள்ளிக்கிழமை ஒருமுறை குலுங்கி அடங்கிய பூமியை நம்பி, ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வீடு திரும்பியிருந்தார்கள். அம்மா வென்னிரா மொச்சை சூப்பைக் கிண்ணங்களில் ஊற்றி வைத்துவிட்டு, ரொட்டி எடுக்கத் திரும்பினாள். பையன் தன் கிண்ணத்தைப் பார்த்தான். சூப்பின் மேல் வட்டம் வட்டமாக நடுக்கம் ஓடிற்று. யாரும் மேசையைத் தொடவில்லை. பையனுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து ஓடினான். வாயைத் திறக்கவில்லை. "அம்மா" என்று ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நடுத்தெருவில் நின்று திரும்பிப் பார்த்தபோது, வீடு இருந்த இடத்தில் புழுதிதான் இருந்தது.

அப்படிப்பட்டவர் வந்து சேர்ந்த வேலையைப் பாருங்கள்: முட்டுப் பிரிப்பது. கல்வளைவு கட்டும்போது அடியில் மரச்சட்டம் வைத்துத் தாங்குவார்கள். கற்கள் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டு தாமாக நிற்கும் என்று தெரிந்த பிறகு, சட்டத்துக்கு அடியில் செருகிய ஆப்புகளை ஒவ்வொன்றாகத் தட்டி எடுக்க வேண்டும். தெரிந்த பிறகு என்று சும்மா சொல்லிவிட்டேன். கடைசி ஆப்பு விழும்வரை அது யாருக்கும் தெரியாது.

இந்த வேலையை அவர் தலையில் கட்டியவர் கட்டடக்கலைஞர் தொன் பிளாசிதோ. குள்ள மனிதர், தீராத பல்வலிக்காகத் தாடையைச் சுற்றி எப்போதும் ஒரு துணி கட்டியிருப்பார். மற்றவர்கள் கோவில் மணியைத் தனிக் கோபுரத்தில் ஓரமாகத் தொங்கவிட்டபோது, இவர் முகப்பையே கோபுரமாக்கினார். நடுவில் வயிறு தள்ளி முன்னால் வரும் சுவர், மூன்று அடுக்குத் தூண்கள், உச்சியில் வாசலுக்கு நேர் மேலே மணிகள். நிலநடுக்கத்தில் பிழைத்த சனங்களிடம் போய், உங்கள் தலைக்கு மேலே மணி தொங்கவிடப்போகிறேன் என்று சொல்ல நெஞ்சழுத்தம் வேண்டும். அது அவரிடம் நிறையவே இருந்தது.

முதல் கோவில் பெத்ரலீனாவில் எழுந்தது. ஊர் சிரித்தது. "மாசமான கோவில்" என்று பெயரும் வைத்தது. ஆனால் அடுத்த மலைக்காரர்கள் வந்து கயிற்றால் அளந்துகொண்டு போய், எங்களுக்கு ஒரு சாண் உயரமாக வேண்டும் என்று தொன் பிளாசிதோவின் கதவைத் தட்டினார்கள். அதற்கடுத்த மலைக்காரர்களுக்கு வயிறு எரிந்தது. பத்து வருடத்தில் அந்தப் பக்கத்து ஊர்களின் முகமே மாறிப்போயிற்று. பத்திரம் எழுதுகிறவர் வீட்டு பால்கனிக் கம்பிகூட வயிறு தள்ளிக்கொண்டது.

பெத்ரலீனாவில்தான் பிராசி முதன்முதலாக வளைவின் உச்சிக் கல்லில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தை வைத்தார். ஒரு ஆப்பைத் தட்டுவார், ஏறிப்போய்த் தண்ணீரைப் பார்ப்பார், அசைந்திருக்கவில்லை என்றால் இறங்கி அடுத்ததைத் தட்டுவார். ஒரு நாள் வேலை ஐந்து நாள் இழுத்தது.

"ஐயா, இந்த ஆள் பயந்தாங்கொள்ளி. வேற ஆளப் பாருங்க" என்றார் கொத்தனார் கார்மினு.

"பயப்படாதவன் கையில நான் சுத்தியல் குடுக்கமாட்டேன்" என்றார் தொன் பிளாசிதோ, தாடையைப் பிடித்துக்கொண்டு.

அந்த ஊரில் ஒரு குறும்புக்காரப் பெண் வேறு ஒன்றைத் தொடங்கிவைத்தாள். மாசமான கோவிலுக்குப் பிரசவம் பார்க்க மாசமானவள்தான் வரவேண்டும் என்று சொல்லி, எட்டுமாத வயிற்றோடு வளைவின் கீழ் நின்று, விழுந்த கடைசி ஆப்பை இடுப்பில் கட்டியிருந்த முன்துணியில் ஏந்திக்கொண்டாள். அவளுக்குச் சுகப்பிரசவம் ஆயிற்று. போதாதா? நாலு கோவிலுக்குள் அது சம்பிரதாயமாகிவிட்டது. பிராசி எதிர்த்துப் பார்த்தார், நடக்கவில்லை. அதனால் ஒவ்வொரு ஊரிலும் முந்தின நாளே ஒருவருக்கும் தெரியாமல் எல்லா ஆப்பையும் எடுத்துச் சோதித்துவிட்டு, ஒன்றை மட்டும் ஒப்புக்குச் செருகி வைப்பார்.

ஐந்தாவது கோவில் சொந்த ஊரான மொந்தசானுவில். மழையால் வேலை தள்ளிப்போய், சுண்ணாம்பு காய்வதற்குள், முட்டுப் பிரிக்கக் குறித்திருந்த சான் ஜோர்ஜு திருவிழா வந்துவிட்டது. முந்தின நாள் சோதிக்கவும் வழியில்லை. ஆப்பு ஏந்தப்போகிறவள் யார்? மாசமாயிருந்த அவருடைய மகள். எங்கள் பக்கத்து வழக்கப்படி மூத்த பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவளின் பெயர்தான், இவளும் வென்னிரா. அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

"நீ போகவேண்டாம்மா. வேற யாராவது நிக்கட்டும்."

"வேற யாராவதுன்னா அவங்க மேல விழலாமாப்பா?"

பிராசி சுத்தியலைக் கையில் எடுத்துத் திரும்பக் கீழே வைத்தார்.

"நாலு ஊர்ல நின்னவங்களும் யாரோ பெத்த பொண்ணுதானே?" என்றாள் அவள். "நீங்க கட்டின முட்டுல எனக்கு நம்பிக்கை இருக்கு. உங்களுக்கு இல்லாட்டி இப்பவே சொல்லுங்க."

இல்லை என்று சொல்ல நாக்கு வரவில்லை. இருக்கிறது என்று சொல்லவும் வரவில்லை.

திருவிழா அன்று காலை சதுக்கம் நிறைந்திருந்தது. வளைவின் கீழே வென்னிரா முன்துணியை விரித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் பெண்கள் கூட்டம். பிராசி சாரத்தின் மேல் இருந்தார். மூன்று ஆப்புகள் பாக்கி. பயம் முற்றிப்போய், கிண்ணத்தைக் கண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று, வழக்கத்துக்கு மாறாகத் தான் நின்ற பலகையில் வைத்துக்கொண்டார். ஒன்றைத் தட்டினார். தண்ணீர் அசையவில்லை. இரண்டாவதைத் தட்டினார். மரம் லேசாக முனகியது, தண்ணீர் அசையவில்லை. உள்ளங்கை வேர்வையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மூன்றாவதற்குச் சுத்தியலை ஓங்கினார். எங்கோ தூரத்தில் தொம்மென்று ஒரு சத்தம்.

தண்ணீரின் மேல் வட்டம் வட்டமாக நடுக்கம் ஓடிற்று.

"அம்மா! வெளிய வா! அம்மா, வெளிய வா!"

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது. சதுக்கம் சிதறியது. செருப்புகள் பறந்தன. வென்னிரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். பிராசி ஏணியில் பாதி இறங்கி மீதியைக் குதித்தார். மகள் பத்திரமாக நிற்பதைக் கண்ணால் பார்த்தார். ஆனாலும் அவர் கால் நிற்கவில்லை. அவளைத் தாண்டி வளைவுக்கு அடியில் புகுந்து கோவிலுக்குள் ஓடினார்.

உள்ளே யாரும் இல்லை. புதுச் சுண்ணாம்பு வாசனை மட்டும் இருந்தது. ஒவ்வொரு தூணுக்குப் பின்னாலும் போய்ப் பார்த்தார்.

"அண்ணே! பிராசி அண்ணே!" கார்மினு வாசலுக்கு வெளியே நின்றே கத்தினார். "ஒண்ணும் இல்லண்ணே! மேலத்தெரு முட்டாப் பசங்க திருவிழா வெடிய முன்னாடியே வெச்சுட்டானுங்க! ஆடுனது உங்க பலகைண்ணே, கல்லு இல்ல!"

வெளியே சிரிப்பு கிளம்பிற்று. "ஐம்பது வயசுல அம்மாவக் கூப்பிடுறாரு பாரு!" என்றது ஒரு குரல். "புதுக் கோவில்ல மொதல்ல நுழைஞ்ச புள்ளத்தாச்சி பிராசிதாண்டா!" என்றது இன்னொன்று. தொன் பிளாசிதோ மட்டும் சிரிக்கவில்லை. பல்வலி காரணமாகக்கூட இருக்கலாம்.

வென்னிரா உள்ளே வந்தாள். அப்பா ஒரு தூணில் சாய்ந்து நின்றிருந்தார்.

"நான்தான் வெளிய வந்துட்டேனேப்பா. உள்ள யாரத் தேடுனீங்க?"

"உன் பாட்டிய."

அவள் பக்கத்தில் வந்தாள்.

"அன்னிக்கு நான் சூப்புல பாத்தேன்மா. எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் கூப்பிடாம ஓடிட்டேன்." நாற்பத்துமூன்று வருடத்தை அவர் இவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டுக் குழந்தைபோல அழுதார்.

வென்னிரா முன்துணியால் அவர் முகத்தைத் துடைத்தாள். பிறகு நடந்துபோய், மறுபடி வளைவின் கீழ் நின்று துணியை விரித்தாள்.

"ஏறுங்கப்பா. ஒண்ணு பாக்கி இருக்கு."

"வேண்டாம்மா..."

"எதாச்சும்னா கூப்பிடுவீங்க. இப்பதான் கூப்பிட்டீங்களே."

பிராசி ஏறினார். கிண்ணம் பலகையில் கவிழ்ந்து கிடந்தது. அதை நிமிர்த்தவில்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு தட்டினார். ஆப்பு அவள் துணியில் விழுந்தது. வளைவு நின்றது.