சிவப்பு வெளிச்சத்துக்கு ஒரு கும்பிடு

வேங்கிக்காலில் எனக்குப் பல் பார்த்த டாக்டரம்மா குள்ளம். என்னைச் சாய்த்துப் படுக்கவைத்தால்தான் அவருக்கு என் வாய் எட்டும். எதைச் செய்தாலும் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்வது அவர் வழக்கம். பயந்தாங்கொள்ளிக்கு அதைவிடக் கொடுமை கிடையாது.

ஈறில் சீழ் வைத்து, என் கீழ்ப்பற்கள் இரண்டு ஆடிக்கொண்டிருந்தன. ஈறைச் சுத்தம் செய்து முடித்தவர், "இப்ப நீல மருந்து வைக்கப் போறேன். அது கிருமி மேல ஒட்டிக்கும். அப்புறம் சிவப்பு வெளிச்சம் பட்டா கிருமி செத்துடும்" என்றார்.

"வெளிச்சம் மூளைக்கு ஏறிடாதுங்களே?"

"அவ்ளோ தூரம் போகாதுங்க."

"பல்லு நிக்குமா டாக்டர்?"

"சத்தியம்லாம் பண்ண மாட்டேன். நிக்கவைக்கத்தான் பாக்கறேன்."

ஊரையே கிண்டலடிக்கும் நான் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவர் என் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டார். வெளிச்சம் முகத்தருகே வந்ததும், கற்பூரத்தட்டைக் கண்ட பழக்கத்தில் என் கைகள் தாமாக நீண்டன. வெளிச்சத்தைத் தொட்டு, கறுப்புக் கண்ணாடி மேலேயே பக்தியோடு ஒற்றிக்கொண்டேன்.

அவர் கருவியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு, "கும்பிட்டாச்சுங்களா? இப்ப வாயைத் திறங்க" என்றார். குரலில் துளி சிரிப்பில்லை.

இன்னும் நாலைந்து தடவை போனேன். பற்கள் நின்றுவிட்டன. ஆனால் அன்று நான் கும்பிட்டுக் கையை எடுத்தபோது அவர் கண்ணை மூடியிருந்ததைப் பார்த்தேன். சிரிப்பை அடக்கினாரா, என் பற்களுக்காக வேண்டிக்கொண்டாரா? அவரிடமே கேட்க இன்றுவரை எனக்குத் தைரியம் வரவில்லை.