ஃப்ரீஸ் காலத்தில் ஒரு நினைவூட்டல்

கோட் ஃப்ரீஸ் தொடங்குவதற்கு முன் வந்து சேர்ந்த பிழைத்திருத்தம், ஃப்ரீஸ் காலத்திலும் பரிசீலிக்கப்படும். எங்கள் மென்பொருளின் வெளியீட்டு விதிகளில் ஏழாவது இது. இதைவிடக் குழப்பமான அரசாணைகளை வைத்துக்கொண்டு வருவாய்த்துறையில் காரியம் முடித்தவன் நான். ஆகவே கவலைப்படவில்லை.

கணினித் திரையில் உள்ளதை உரக்கப் படித்துக் காட்டும் இலவச மென்பொருள் அது. எங்கெங்கோ இருப்பவர்கள் சம்பளமில்லாமல் சேர்ந்து எழுதுகிறார்கள். ஓய்வுபெற்ற பின் அதன் பொத்தான்களுக்குத் தமிழ்ப் பெயர் வைப்பது என் வேலை. அவனியாபுரத்தில் எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் பார்வை கிடையாது, கணினி படித்தவள். தமிழ்க் கோப்பில் முதல் பக்கம் முடிந்ததும் அந்த மென்பொருள் ஊமையாகிவிடும். ஏன் என்று கண்டுபிடித்து, நான்கு வரியில் திருத்தம் எழுதி, ஃப்ரீஸுக்கு முன்பே அனுப்பியவள் அவள்தான்.

தை மாதக் கடைசியில் அவளுக்கு அரசு வேலைக்கான தேர்வு. அன்றைக்கு வெளியாகியிருக்கும் பதிப்பைத்தான் தேர்வு மையத்தில் நிறுவுவார்கள். அதில் திருத்தம் இல்லையென்றால், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கேள்விகளைப் படித்துச் சொல்ல வேண்டும். போன முறை அப்படி வந்த அம்மாள், இவள் சொன்ன விடைகள் தப்பு என்று வாதாடியிருக்கிறார்.

"எம் பரீட்சைய நானே படிச்சு எழுதணும் மாமா. அம்புட்டுத்தேன்."

"மேல்நடவடிக்கைய எங்கிட்ட விடும்மா," என்றேன்.

ஃப்ரீஸ் என்பது, வெளியீட்டுக்கு முந்தைய சில வாரங்களில் யாரும் புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது என்கிற தடை. தேர்தல் நேரத்துக் கட்டுப்பாடு போலத்தான். புது ரோடு போட முடியாது, இருக்கிற ரோட்டில் குழியை மூடலாம். எங்கள் குழியை மூட ஒருவரும் வரவில்லை. ஆனால் மென்பொருள் திறக்கும்போது தோன்றும் சின்னத்துக்குப் புது வண்ணம் பூசும் மாற்றம், அவசரம் என்று சேர்க்கப்பட்டது. திரையைப் பார்க்க முடியாதவர்களுக்கான மென்பொருளில் சின்னத்தின் நிறம் அவசரம்! பழைய அலுவலகத்துக்கே திரும்பிவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

திங்கள்தோறும் அந்தத் திருத்தத்தின் கீழே ஒரு நினைவூட்டல் எழுதினேன். பொருள், பார்வை, முந்தைய நினைவூட்டல்களின் விவரம், விதி ஏழு, பணிவான வேண்டுகோள். எதிலும் குறை சொல்ல முடியாது. பதில் மட்டும் இல்லை.

மார்கழியில் ஒருநாள் அவள் வந்தாள்.

"மாமா, அங்க வாரா வாரம் என்ன எழுதுறீக?"

"நினைவூட்டல்."

"அவுக வரிசைய எப்பிடி எடுக்குறாகன்னு தெரியுமா? ரொம்ப நாளா யாரும் தொடாதது முன்னாடி. யாராச்சும் எதாச்சும் எழுதிட்டா அது பின்னாடி போயிரும்."

அதுவரை எழுதிய நினைவூட்டல்களை விரல்விட்டு எண்ணினேன்.

"நல்லா மேலேறி வந்திட்டிருந்த என்னய, திங்கக்கெழமைக்குத் திங்கக்கெழம பிடிச்சுக் கடைசில தள்ளியிருக்கீக."

"ஆபீஸ்லயும் இதத்தேன் செஞ்சிருப்பாரு, விடுத்தா," என்றாள் அடுப்படியிலிருந்து என் மனைவி.

அதன்பின் நான் செய்ய வேண்டியதெல்லாம் சும்மா இருப்பது. அதற்கு எந்தத் துறையும் எனக்குப் பயிற்சி கொடுத்ததில்லை. விசைப்பலகைக்கு எட்டாத தூரத்தில் இருக்கவேண்டும் என்று, திங்கட்கிழமைகளில் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போய்த் தேவையில்லாத பூவெல்லாம் வாங்கி வந்தேன். மனைவி முதல் வாரம் மகிழ்ந்தாள். இரண்டாம் வாரம் சந்தேகப்பட்டாள். எதிர்வீட்டிலிருந்து காலைதோறும் ஒரே விசாரணை: "மாமா, எழுதலைல்ல?"

இதற்கிடையில் அந்தப் புதுச் சின்னம், பழைய கணினிகளில் மென்பொருளைத் திறக்கவே விடவில்லை. வெளியீடு தள்ளிப்போனது. மறுபடியும் தள்ளிப்போனது. எங்கள் திருத்தம் வரிசையில் மேலேற நாள் கிடைக்கட்டும் என்று, தாமதத்துக்காக நான் சாமி கும்பிட்டது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான்.

பிறகு ஒரு காலை, அவள் எங்கள் வாசலில் நின்று கூப்பிட்டாள். திருத்தத்தின் கீழே பதில் வந்திருந்தது: சேர்த்தாயிற்று என்று ஒரு சொல், உயர்த்திய கட்டைவிரலின் படம். எண் இல்லை, ஒப்பமில்லை. பணியில் இருந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். அதற்குள் அவள் சோதனைப் பதிப்பை இறக்கி, தன் பாடக் கோப்பைத் திறந்துவிட்டிருந்தாள். தெருக்கோடியில் ஜல்லிக்கட்டு ஒலிபெருக்கி அலறியது. "செத்த நேரம் எல்லாரும் சும்மா இருங்க," என்று அதட்டிவிட்டுக் காதை மடிக்கணினியோடு ஒட்டிவைத்தாள். இரண்டாம் பக்கம் தொடங்கியது.

பதில் வந்த தேதி: தை ஒன்று.