அம்மா தெரிந்தெடுத்த அகராதி

எங்கள் சித்தப்பாவுக்குப் புத்தகமென்றால் கனக்க வேண்டும். நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருந்த தோர்ண்டன் ஹீத்தில் சனிக்கிழமைகளில் நடந்த தமிழ்ப் பள்ளிக்கு அவர்தான் தலைவர். மாதா கோயில் மண்டபத்தில் ஒரு அலுமாரி கிடைத்ததும், அதுதான் நூலகம் என்று அறிவித்துவிட்டார். நூலகமென்றால் முதலில் ஒரு தமிழ்–ஆங்கில அகராதி வேண்டுமே, இரவல் கொடுக்காமல் அங்கேயே வைத்துப் பார்க்கிற புத்தகம்! பார்த்து ஒன்றை எடுக்கும்படி புத்தகக் கடைக்காரர் மூன்றைத் தந்துவிட்டிருந்தார். செங்கல் போலிருந்த பொன்னெழுத்து அகராதியைத் தூக்கிப் பார்த்த உடனேயே சித்தப்பா சரி என்றார்.

கூட்டங்களில் தேத்தண்ணீர் ஊற்றுவதோடு நிற்கிற என் அம்மா அன்றைக்கு வாய் திறந்தார். "ஒரு கிழமை தாங்கோ. நான் பாத்துச் சொல்லுறன்."

எனக்கு ஆச்சரியத்தை விடக் கோபம்தான் கூட. ஒன்பது வயதில் எங்கள் வீட்டின் அகராதி நான்தானே! கவுன்சிலோ டொக்டரோ, எங்கே போனாலும் அம்மா தமிழில் சொல்வார், நான் இங்கிலீஷில் விளாசுவேன். கேட்டால் மொழிபெயர்ப்பாளர் தருவார்கள்தான். ஆனால் போனில் வருகிற குரல் யாருடைய மச்சாளோ, யார் கண்டது? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்பார் அம்மா. கைபேசிகள் தமிழ் பேசப் பழகாத காலம் வேறு. தம்பி பிறந்து சில மாதங்களில் டொக்டரம்மா ஒருநாள், அம்மா சந்தோசமாக இருக்கிறாரா என்று என்னிடம் விசாரித்தார். நான் தமிழில் கேட்டேன். அம்மா தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "ஓம் எண்டு சொல்லு" என்றார். சொன்னேன். அதைவிடச் சுகமான மொழிபெயர்ப்பு எனக்குக் கிடைத்ததேயில்லை.

அந்தக் கிழமை முழுக்க மூன்று அகராதிகளும் குசினி மேசையில் விரிந்து கிடந்தன. அம்மா ஒரே சொல்லை மூன்றிலும் தேடுவார். இங்கிலீஷை எழுத்துக் கூட்டி வாசிப்பார். சொல்லை ஒரு வசனத்தில் வைத்துக் காட்டுகிற புத்தகத்துக்கு மட்டும் தலையை ஆட்டுவார். அப்படி என்ன தேடுகிறார் என்று எனக்கு ஒரே புதிர். தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தால் கையை வைத்து மறைப்பார். அப்படியும் சில சொற்கள் கண்ணில் பட்டன: நித்திரை, ஏக்கம், பதகளிப்பு.

"பதகளிப்பு எண்டால் என்னம்மா?"

"நெஞ்சு சும்மா சும்மா பதறுறது."

"ஆருக்கு?"

"போய் ஹோம்வேர்க்கைச் செய்."

வானவில், வண்ணத்துப்பூச்சி என்று எத்தனை நல்ல சொற்கள் இருக்கின்றன! இவர் ஏன் இதுகளைப் பொறுக்குகிறார் என்று எனக்கு மண்டை வெடிக்கும்போலிருந்தது. தொட்டிலில் தம்பி கத்துவான். அம்மா எழும்பமாட்டார். நான்தான் ஓடிப்போய்ச் சூப்பியை வாயில் வைப்பேன்.

அடுத்த சனிக்கிழமை அம்மா மூன்றிலும் மெல்லியதைத் தூக்கிக் காட்டினார். சித்தப்பாவின் முகம் சுருங்கிப்போனது.

"அண்ணி, உது கைக்குள்ளையே அடங்குது. பாக்கிற சனம் சிரிக்கும்."

"உங்கடை பெரிசிலை யானைக்கு மட்டும் ஒரு பக்கம் கிடக்கு. மனுசருக்கு வாற வருத்தத்தைத் தேடினால் ஒண்டுமில்லை."

"பிள்ளையளின்ரை நூலகத்துக்கு உந்தச் சொல்லெல்லாம் என்னத்துக்கு?"

"உதையெல்லாம் எங்களுக்காகப் பிள்ளையள் சொல்லக் கூடாதெண்டுதான் கேக்கிறன்" என்றார் அம்மா. குரல் உடைந்துவிட்டது.

சித்தப்பா தன் செங்கல் அகராதியை ஒருபக்கம் தள்ளி வைத்தார். எதிலும் இலேசில் இறங்கிவராத மனிதர், "சரி அண்ணி, உதையே எடுப்பம்" என்றார். நூலகச் சீல் குத்தினால் பிறகு அது மண்டபத்தை விட்டு வெளியே போகாது. அதற்கு முதல் ரெண்டு நாள் தன்னிடம் இருக்கட்டும் என்று அம்மா கேட்டார். அதற்கும் சித்தப்பா தலையாட்டினார். எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் டொக்டரிடம் போனோம். பெயரைக் கூப்பிட்டார்கள். நான் வழக்கம்போல முன்னால் நடந்தேன். "நீ தம்பியோடை இஞ்சை இரு" என்று சொல்லிவிட்டு, அகராதியை எடுத்துக்கொண்டு அம்மா தனியே உள்ளே போய்விட்டார். என்னை விட்டுவிட்டு! தள்ளுவண்டியை ஆட்டிக்கொண்டு, அந்தக் கதவையே பார்த்திருந்தேன். எங்களுக்குப் பின் வந்தவர்கள்கூடப் போய்விட்டார்கள். கதவு திறக்கவில்லை.

ஒருவழியாக அம்மா வெளியே வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. டொக்டரம்மா அவருடைய தோளில் கை வைத்தபடி வாசல்வரை கூட வந்தார். எனக்காக அவர் அப்படி ஒருநாளும் வந்ததில்லை.

பஸ்ஸில் ஏறியதும் பிடித்துக்கொண்டேன். "நானில்லாமல் என்ன சொன்னனீங்கள்?"

"எல்லாத்தையும் சொன்னன்" என்றார் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அவர் மடியிலிருந்த அகராதியைப் பார்த்தேன். மெல்லியதுதான், ஆனாலும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் வாசித்துக் காட்டினால் அந்த டொக்டரம்மா பாவம் என்ன செய்வார் என்று நினைத்துக்கொண்டேன்.