ஜவ்வாது மலையில் தோலுரித்த மனிதனின் படம்

எண்பதுகளின் தொடக்கத்தில், புளி உலுக்கும் மாசி மாதத்தில், ஒரே ஒரு படத்தைப் பார்ப்பதற்காக ஜவ்வாது மலை ஏறினேன். தோலுரித்த மனித உடலைக் காட்டும், முந்நூறு வருடங்களுக்கு முந்தைய ஐரோப்பிய பரோக் காலத்துச் செப்புத்தகட்டு அச்சுப்படம். மலையில் மருந்தகம் நடத்திய வெளிநாட்டு மருத்துவர் ஊர் திரும்பும்போது சுவரிலேயே விட்டுப் போனது. அதன் மங்கலான புகைப்படத்தை வைத்து, 'இந்த மனிதன் நிற்கவில்லை' என்று ஒரு கலை இதழுக்கு எழுதினேன். கல்லூரியில் படிக்காதவர், மூலத்தைப் பார்க்காதவர் எழுதியதை ஏற்பதற்கில்லை என்று பதில் வந்தது. முதல் குறைக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவதற்கு பஸ் இருந்தது.

போளூரில் காலை ஆறு மணி பஸ். ஜமுனாமரத்தூருக்கு நாற்பது கிலோமீட்டர்தான். வளைவுகளால் மூன்று மணி நேரமாகும். வெறும் வயிற்றோடு ஏறுவது நல்லது. அங்கிருந்து மருந்தகத்துக்கு ஒரு மணி நேர நடை.

வாசலிலேயே கம்பவுண்டர் மறித்தார். "படம் பாக்கவா? இன்னிக்கு வேணாம்ங்க, அப்புறமா வாங்க."

காரணமும் சொன்னார். போன வாரம் புளியமரத்திலிருந்து விழுந்து ஒருவர் செத்துப்போனார். அடிவார ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்து, தைத்துக் கொடுத்த உடம்பைப் புதைத்தார்கள். பிறகு காய்ச்சல் மாத்திரைக்கு வந்த அவர் மனைவி சின்னப்பொண்ணு இந்தப் படத்தைப் பார்த்துவிட்டாள். அறுத்த புருஷன் இங்கே நிற்கிறான், அவனையும் புதைக்க வேண்டும் என்கிறாள்.

"இன்னிக்கு எடுத்துக்கினு போவ வர்றாங்க. நான் அந்த ரூமுக்குத் தனியா போறதே இல்லீங்க."

பார்க்காமல் போகமாட்டேன் என்றேன். சாவியைக் கையில் கொடுத்துவிட்டு அவர் வெளியே நின்றுகொண்டார்.

ஒற்றை ஜன்னல் அறை. இமையில்லாத கண்கள் நேராக என்னைப் பார்த்தன. முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் பாதத்திலிருந்து தொடங்கினேன். தொடைத் தசை ஓடும் திசையிலேயே கோடுகள் தடித்து மெலிந்தன. அடிவானம் கணுக்காலளவுக்குத் தாழ்ந்திருந்ததால் ஆள் பின்னணி மலையைவிட உயரமாகத் தெரிந்தான். உடலுக்கு வெளிச்சம் இடமிருந்து வந்தது. தரையிலிருந்த கல்லுக்கோ வலமிருந்து. இரண்டும் ஒரே வேளையில் வரைந்தவை அல்ல. கால்விரல்கள் கீழ்நோக்கித் தொங்கின, குதிகாலில் பாரமே இல்லை. பாதத்துக்கும் தரைக்கும் நடுவிலிருந்த இடைவெளியை மறைக்க ஓவியன் புல் வரைந்திருந்தான். தோள்கள் காதுவரை ஏறியிருந்தன. பாரமெல்லாம் மேலே. பிணத்தைக் கயிற்றில் தொங்கவிட்டு வரைந்து, படத்தில் கயிற்றை மட்டும் விட்டுவிட்டு, காலடியில் பூமியைச் சேர்த்திருக்கிறார்கள்.

நான் எழுதியது சரி. ஆனால் சந்தோஷம் வரவில்லை. வாசலில் ஆட்கள் வரும் சத்தம்.

முன்னால் வந்தவர் இறந்தவரின் தம்பி. கையில் கொடுவாள். "இன்னா சாரே, எங்கண்ணன வேடிக்கை பாக்க டிக்கெட் வாங்கினியா?"

பின்னால் வந்த சின்னப்பொண்ணிடம், "இது உங்க வூட்டுக்காரர் இல்லம்மா. வேற தேசத்து ஆளு, எப்பவோ செத்தவன்" என்றேன்.

"அவனுக்கும் பொண்டாட்டி இருந்திருப்பா இல்ல? எத்தினி நாளு இப்டியே நிப்பான்?"

தவறான பேச்சைத் திருத்தாமல் விட எனக்கு வராது. "நிக்கலம்மா. கயித்துல தொங்க வுட்டிருக்காங்க."

சொன்ன பிறகுதான் கொடுவாளைப் பார்த்தேன். அவள் அந்தக் கால்களையே வெகுநேரம் பார்த்தாள்.

"அப்போ எறக்குங்க" என்றாள்.

நான் எழுதியதற்கு இருந்த ஒரே சாட்சி அது. மறுத்திருக்கலாம், பயந்துதான் மறுக்கவில்லை என்றும் நீங்கள் நினைக்கலாம். ஆணியிலிருந்து கழற்றிக் கொடுத்தேன். கம்பவுண்டர் தடுக்கவில்லை.

அவர்கள் பின்னாலேயே நடந்தேன். தோண்டி வைத்திருந்த குழிக்குள் ஒரு வேட்டியை விரித்துப் படத்தை மல்லாத்தி வைத்தார்கள். "இப்போ தொங்கல இல்ல?" என்று சின்னப்பொண்ணு கேட்டாள். மண்டியிட்டுப் பார்த்தேன். படுத்த உடம்புக்கு அந்தக் கால்விரல்கள் சரியாகப் பொருந்தின. தோள்களும் பொருந்தின.

"இல்லம்மா" என்றேன். மண்ணைத் தள்ளினார்கள்.

போகிறவர்களுக்கு: மாலை நாலு மணி பஸ்ஸைத் தவறவிட்டால் இரவு அங்கேதான் தங்க வேண்டும், போர்வை கொண்டுபோங்கள். அந்தப் படம் எங்கே என்று ஊரில் யாரையும் கேட்காதீர்கள். என்னைக் கேட்டாலும் சொல்லமாட்டேன்.