கல்லறைக்கு ஒன்று, பெர்மெஸ்ஸோவுக்கு நாலு

போன வியாழக்கிழமை ஒரே சமையலறையில், ஒரே நாற்காலியில், இரண்டு பெண்களைப் படம் எடுத்தேன். ஒருவரின் படம் கல்லறைக்கு. மற்றவரின் படம் பெர்மெஸ்ஸோவுக்கு. இரண்டு பேரும் சுகமாகத்தான் இருக்கிறார்கள் — பயப்படவேண்டாம்.

ஆனால் அந்த இரண்டு படங்களையும் எடுக்க எனக்கு ஒரு முழுக் குளிர்காலம் பிடித்தது.

இத்தாலியில், இந்தப் பலெர்மோ நகரில், என்னைப் போன்ற படக்காரனுக்குக் குளிர்காலம் என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் காலம். கிறிஸ்மஸுக்கு முந்திய திருவருகைக் காலத்தில் எங்கள் கத்தோலிக்கச் சனம் கல்யாணம் வைக்காது. நத்தார் முடிந்து கொஞ்சம் மூச்சு விடுவதற்குள் தவக்காலம் வந்துவிடும். பிள்ளைகளின் முதல் நன்மைக் கொண்டாட்டங்கள் எல்லாம் மே மாதத்தில்தான். மழைக்குள் குடை பிடித்து என் ஸ்டூடியோவுக்கு வருபவர்கள், இங்கே தங்குவதற்கான அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கப் படம் எடுப்பவர்கள் மட்டும். வெள்ளைத் திரை, நேர்ப் பார்வை, சிரிக்கக்கூடாது. ஐந்து நிமிட வேலை. மீதி நேரம் என்ன செய்வது? வீட்டுக்குப் போய் மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அவளுக்கு அது பிடிக்காது.

அதனால் மூன்று வருடமாகக் குளிர்கால வியாழக்கிழமைகளில் மலைக்குப் போகிறேன்.

பஸ் பகேரியாவைத் தாண்டி, கடலை விட்டு மேலே ஏறி, ஒன்றரை மணி நேரத்தில் அந்த ஊரில் இறக்கிவிடும். ஊர்ப் பெயர் வேண்டாம். இருப்பதே சில நூறு பேர்; யாரைப் பற்றி எழுதினேன் என்று உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். முக்கால்வாசிப் பேர் முதியவர்கள். அடையாள அட்டைக்குப் படம் எடுப்பதற்கு அவர்களால் இந்தக் குளிரில் கீழே இறங்கமுடியாது. பூசை முடிவில் சுவாமியார் அறிவித்ததால் என்னை எல்லோருக்கும் தெரியும். வியாழக்கிழமைப் படக்காரர் — அதுதான் அங்கே என் பெயர். சொந்தப் பெயரை இதுவரை யாரும் கேட்டதில்லை.

எனக்கு அந்த வியாழக்கிழமைகள் பிடிக்கும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு கோப்பி. கல்லுப் படிகளில் வழுக்காமல் ஏறிப்போனால் வீட்டுக்கு வீடு விறகுப் புகை. ஒருவர் தன்னையும் தன் ஆட்டு நாயையும் சேர்த்து எடுக்கச் சொல்வார். நாய் கமெராவை ஒழுங்காகப் பார்க்கும். அவர்தான் கண்ணை மூடிவிடுவார். மதியச் சாப்பாடு எப்போதும் சிஞ்ஞோரா கொன்செத்தா வீட்டில்.

சிஞ்ஞோராவுக்கு — நம் ஊர் ‘அம்மா’ மாதிரி ஒரு மரியாதைச் சொல் — எண்பத்தொன்பது வயது. அவரைக் கூடவே இருந்து பார்த்துக்கொள்பவர் மன்னாரிலிருந்து வந்த ஜெசிந்தா அக்கா. ஆறு வருடமாக அந்த வீட்டில் இரண்டே பேர். சிஞ்ஞோரா இத்தாலியனில் செபமாலை சொல்லிக்கொடுத்தார்; அக்கா பாண் துண்டைச் சொதியில் தோய்த்துச் சாப்பிடச் சொல்லிக்கொடுத்தார். மதியம் மேசையில் பருப்பும் இருக்கும், ஒலிவ்காயும் இருக்கும். வேறென்ன வேண்டும் எனக்கு?

டிசம்பரில் ஒரு நாள் சாப்பிட்டு முடித்ததும் சிஞ்ஞோரா சொன்னார் — தனக்குக் கல்லறைப் படம் எடுக்கவேண்டுமாம்.

இங்கே கல்லறைகளைப் பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொன்றிலும் பீங்கானில் பதித்த ஒரு முட்டை வடிவப் படம் இருக்கும். வெயில் மழைக்கு அழியாது. விவரமானவர்கள் உயிரோடு இருக்கும்போதே தமக்குப் பிடித்த படத்தை எடுத்து வைத்துவிடுவார்கள். சிஞ்ஞோரா எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தார். கறுப்புச் சட்டை அலமாரியில் தயார். சப்பாத்து தயார். கணவருக்குப் பக்கத்து இடம் தயார். கணவர் முப்பத்துநாலு வயதில் போனவர். கல்லில் இன்னமும் வழித்துச் சீவிய தலையோடு சிரிக்கிறார். "பக்கத்தில் நான் அவருடைய அம்மா மாதிரி இருப்பேன், பரவாயில்லை" என்றார் சிஞ்ஞோரா. படம் ஒன்றுதான் பாக்கி.

நம்மவர்கள் இதில் எப்படி? ஆள் போனபிறகு, அழுகைக்கு நடுவில், யாராவது ஒருவர் ஸ்டூடியோவுக்கு ஓடிவருவார். கையில் ஏதோ கல்யாண வீட்டுக் குரூப் போட்டோ. அதிலிருந்து தலையை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்கவேண்டும். பக்கத்தில் நின்றவரின் தோள் எப்படியும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். எத்தனை தோள்களை நான் அழித்திருக்கிறேன்! மாலை போட ஒரு படம் முன்கூட்டியே எடுத்து வைப்போமே என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள்... வாசலுக்கு வெளியே நிற்பீர்கள்.

ஜெசிந்தா அக்கா என்னை வாசலுக்கு அனுப்பவில்லை. அதைவிடச் சாமர்த்தியமாக வேலை செய்தார்.

குளிருக்குள்ளிருந்து சூடான அறைக்குள் கமெராவைக் கொண்டுவந்தால் லென்ஸில் பனி படியும். அரை மணி நேரம் பைக்குள்ளேயே வைத்துக் காத்திருக்கவேண்டும். நான் காத்திருப்பேன். பையைத் திறக்கும் நேரம் பார்த்து அக்கா அடுப்பில் கொதிக்கும் பெரிய பானையின் மூடியைத் திறப்பார். சமையலறை முழுக்க ஆவி. மறுபடியும் லென்ஸ் மங்கும். இரண்டரை மணிக்கு வெயில் மலைக்குப் பின்னால் போய்விடும். மூன்று மணிக்கு என் பஸ். ஃபிளாஷ் போடலாமே என்பீர்கள். சிஞ்ஞோரா கண்ணில் ஒப்பரேஷன் செய்தவர், ஃபிளாஷுக்குத் தடா.

ஒரு வாரம் பானை. அடுத்த வாரம் சிஞ்ஞோராவுக்குத் தலை முழுகினது காயவில்லை. அதற்கடுத்த வாரம், நல்ல சட்டையைச் சரியாக அன்று காலையில்தான் அக்கா தோய்த்துக் கொடியில் போட்டிருந்தார்.

நான்காம் வாரம் வாசல்படியில் வைத்துக் கேட்டேவிட்டேன். மார்ச்சில் அக்காவின் பெர்மெஸ்ஸோ முடிகிறது. புதுப்பிக்க சிஞ்ஞோரா கையெழுத்து வைத்த வேலை ஒப்பந்தம் வேண்டும். சிஞ்ஞோரா போய்விட்டால் அது கிடைக்காதே, அந்தப் பயமா என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. அக்காவின் முகம் மாறிவிட்டது.

"வேலை எங்கையும் கிடைக்கும் தம்பி. கீழை பலெர்மோவிலை, லிபெர்த்தாத் தெருவிலை இருக்கிற என்ரை தங்கச்சி எப்ப வாறாய், எப்ப வாறாய் எண்டு கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். இவ எனக்கு எங்கை கிடைப்பா? எங்கடை ஐயாவை அறுவது வயசிலை முதன்முதல் படம் எடுத்தம். ஒரு மாசம் இருக்கேல்லை மனிசன். இவவுக்கு வெளிக்கிடுறதுக்கு எல்லாம் ரெடி. படம் ஒண்டுதான் இல்லை. அதையும் நீங்கள் குடுத்திட்டா..."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. படம் எடுத்தால் ஆள் போய்விடும் என்றால் என் வாடிக்கையாளர்களில் ஒருவரும் மிஞ்சியிருக்கமாட்டார்களே! ஆனாலும் வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஜனவரியில் சிஞ்ஞோரா முந்திக்கொண்டார். நான் வந்து அரை மணி நேரம் ஆனதும் இருமல் மருந்து முடிந்துவிட்டது என்று அக்காவை மருந்துக்கடைக்கு அனுப்பினார். கதவு சாத்திய சத்தம் கேட்டதும் ஜன்னலோரம் போய் நிமிர்ந்து உட்கார்ந்தார். எடு, சீக்கிரம் எடு என்றார். எண்பத்தொன்பது வயதுப் பெண்மணி திருட்டுத்தனமாகக் கேட்கும்போது என்ன செய்வது? எடுத்தேன்.

அதோடு விட்டேனா? பஸ்ஸில் உட்கார்ந்ததும், இத்தனை வருடப் பழக்கம், படத்தை வாடிக்கையாளருக்கு வட்ஸ்அப்பில் தட்டிவிட்டேன். அந்த வீட்டுக்கு என்னிடம் இருந்த நம்பர் ஒன்றே ஒன்று. ஜெசிந்தா அக்காவின் நம்பர்.

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. இரண்டு நீலக் கோடும் விழுந்துவிட்டது. பதில் வரவில்லை.

அடுத்த வியாழன் மேலே பனி கொட்டி பஸ் ஓடவில்லை. அன்று மத்தியானம் அக்காவிடமிருந்து ஒரு வரி: "அம்மாவுக்குக் கடும் காய்ச்சல். டொக்டர் வந்திட்டுப் போறார்." என்னைத் திட்டி ஒரு சொல் இல்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த நாட்களில் நான் பட்ட பாடு... கடையில் பெர்மெஸ்ஸோவுக்கு உட்கார்ந்தவரிடம் சிரிக்கச் சொன்னேன். மூன்றாம் நாள் கம்ப்யூட்டரைத் திறந்து சிஞ்ஞோராவின் படத்தைப் பார்த்தேன். கமெராவிலிருந்து அழித்தேன். கம்ப்யூட்டரிலிருந்து அழித்தேன். போனிலிருந்தும் அழித்தேன். நம்பிக்கை கிடையாது என்று மேலே எழுதியிருக்கிறேன் அல்லவா? அது அப்படியே இருக்கட்டும். ஆனாலும் அழித்தேன்.

காய்ச்சல் இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போனது. மருந்துதான் காரணம், எனக்குத் தெரியும்.

போன வியாழக்கிழமை பயந்து பயந்து படியேறினேன். சிஞ்ஞோரா கம்பளிக்குள் கொஞ்சம் சிறுத்துப்போய், ஆனால் வாய் மட்டும் சிறுக்காமல், உட்கார்ந்திருந்தார். படம் எங்கே என்றார். அழித்துவிட்டேன் என்று உண்மையைச் சொன்னேன். ஜெசிந்தா அக்கா அடுப்படியிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார்.

"நல்லது" என்றார் சிஞ்ஞோரா. "இவளுடைய போனில் பார்த்தேன். அந்தப் படத்தில் நான், இவள் வந்துவிடுவாளோ என்று கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கண்ணோடு அங்கே படுக்கமாட்டேன். இன்றைக்கு மறுபடி எடு."

நான் பானையைப் பார்த்தேன். வழக்கம்போலக் கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா வந்து அடுப்பை அணைத்தார். பானையைத் தூக்கிப் பின் முற்றத்தில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, சிஞ்ஞோராவுக்கு முன்னால் அந்த ஜன்னலோர நாற்காலியில் தானே உட்கார்ந்தார்.

"முதல் என்ரை படம் தம்பி. பெர்மெஸ்ஸோவுக்கு. நாலு வேணும்."

சுவர் வெள்ளைதான். வெளிச்சமும் அருமை. எடுத்தேன். சிரிக்கக்கூடாது என்று அக்காவுக்குச் சொல்லவேண்டிய தேவையே இருக்கவில்லை.

சிஞ்ஞோரா எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தார். அந்தக் கடுதாசி எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டார். இரண்டு வருடம் என்றேன். அதற்குத் தன் கையெழுத்து வேண்டுமா என்றார். ஆம், ஒப்பந்தத்தில் என்றேன். அப்படியென்றால் அவ்வளவு காலமும் தான் தேவையா என்று அக்காவைக் கேட்டார்.

"ஓம்" என்றார் அக்கா, தமிழில். ஆறு வருடத்தில் சிஞ்ஞோராவுக்குத் தெரிந்த நாலைந்து தமிழ்ச் சொற்களில் அதுவும் ஒன்று.

அதற்குப் பிறகு தாமதமே இல்லை. அக்காவே நல்ல சட்டையை எடுத்துவந்து போட்டுவிட்டார். தண்ணீர் தொட்டுத் தலை சீவினார். காதுத் தோட்டைத் திருகி நேராக்கினார். சிஞ்ஞோரா இந்தத் தடவை கதவைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் நின்ற அக்காவைப் பார்த்தார். ஒரே படம். போதும். எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. லென்ஸைத் துடைப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

பையைக் கட்டும்போது, பீங்கானில் பதிக்கக் கொடுத்து மூன்று வாரத்தில் கொண்டுவந்து தருகிறேன் என்றேன். டிசம்பரிலிருந்து என்னை அவசரப்படுத்திய அதே சிஞ்ஞோரா, இதென்ன பேச்சு என்பதுபோல நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன அவசரம்? இரண்டு வருடம் கழித்துக் கொண்டு வா. எனக்கு ஒப்பந்தம் இருக்கிறது."

ஆல்பம் எங்கே, வீடியோ எங்கே என்று ஊரெல்லாம் என்னைத் திட்டும். பிந்திக் கொடுத்தால் போதும் என்று எனக்குக் கிடைத்த முதல் ஓடர் இதுதான்!